பல்கலைக்கழக வேலையும் எச்-1பி விசாவும்: எனக்கு யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டியவை

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்துவிட்டால் விசாவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று நம் ஆட்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. அது காரணமில்லாமல் வந்ததும் அல்ல. வெளிநாட்டவரை வேலைக்கு வைத்துக்கொள்ள முதலாளி மனுப் போட்டு வாங்குவது எச்-1பி விசா. தனியார் நிறுவனங்களுக்கு அது ஆண்டுக்கு 65,000 தான். அமெரிக்காவில் முதுகலையோ அதற்கு மேலோ படித்தவர்களுக்கு இன்னொரு 20,000. மார்ச் மாதம் பதிவு செய்து, லாட்டரியில் பெயர் வந்தால்தான் அடுத்த படி. பல்கலைக்கழகங்களுக்கு இந்த வரம்பு கிடையாது. ஆண்டின் எந்த மாதத்திலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் என் விஷயத்தில் சிக்கல் தொடங்கியதே இங்கேதான். மார்ச் என்ற கெடு இல்லாததால் பல்கலைக்கழகத்தில் யார் மனதிலும் எந்தக் கெடுவும் பதிவதில்லை. நம் கையில் இருக்கும் வேலை அனுமதி அட்டைக்கோ முடிவுத் தேதி அச்சடித்தே இருக்கிறது. அந்தத் தேதிக்கும் அலுவலகத்தின் நிதானத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, 2024 கோடையில் ஏறக்குறைய இரண்டு மாதம் சம்பளமில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். இன்னொருவர் அப்படி உட்காரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இளங்கலை முடித்து, அமெரிக்காவில் பூச்சியியலில் முனைவர் பட்டம் வாங்கினேன். மாணவர் விசாவில் படித்து முடித்தவர்களுக்கு ஓபிடி என்ற பெயரில் 12 மாதம் வேலை செய்ய அனுமதி கிடைக்கும். அறிவியல், பொறியியல் துறைகள் என்றால் ஸ்டெம் நீட்டிப்பாக மேலும் 24 மாதம். இந்த மூன்று ஆண்டில் முதல் இரண்டை ஓர் ஆய்வகத்தில் கழித்துவிட்டு, கடைசி ஆண்டில் நடு மேற்குப் பகுதியில் இருக்கும் வேறொரு பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராகச் சேர்ந்தேன். சோயாப் பயிரைத் தாக்கும் அசுவினிப் பூச்சியை ஆராய்வதுதான் என் வேலை. பணி ஆணையில் விசா பற்றி ஒரே ஒரு வரி: ஸ்பான்சர்ஷிப் பரிசீலிக்கப்படும். பேராசிரியர் நல்ல மனிதர், என்னை வைத்துக்கொள்ள உண்மையாகவே விரும்பினார். ஆனால் அதற்கு முன் அவர் யாருக்கும் எச்-1பி எடுத்துக் கொடுத்ததில்லை. என் அட்டை 2024 ஜூன் கடைசியோடு முடிகிறது என்பது அவருக்குத் தெரியும். அந்தத் தேதிக்குப் பின்னால் என்னென்ன வரிசை கட்டி நிற்கின்றன என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது.

2023 டிசம்பரிலேயே துறை அலுவலகத்தில் பேச்சை எடுத்தேன். அங்கிருந்த ஒருங்கிணைப்பாளர், “வேலை தொடங்கும் தேதிக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் அனுப்பவே முடியாது, இன்னும் நிறைய நேரம் இருக்கிறது” என்றார். விதி அப்படித்தான். சம்பளமும் வேலைத்தளமும் சொல்லித் தொழிலாளர் துறைக்குப் போகும் எல்சிஏ விண்ணப்பமும் சரி, எச்-1பி கேட்டுக் குடியேற்றத் துறைக்குப் போகும் ஐ-129 மனுவும் சரி, வேலை தொடங்கும் நாளுக்கு ஆறு மாதத்துக்குள்தான் அனுப்ப முடியும். ஆனால் அந்தக் கட்டுப்பாடு அனுப்புவதற்கு மட்டும். உள்ளே தயார் செய்வதற்கு எந்தத் தடையும் இல்லை. “ஆறு மாதத்துக்கு முன் அனுப்ப முடியாது” என்று கேட்டவர்கள் அதை “ஆறு மாதம் இருக்கும்போது யோசிக்கத் தொடங்கினால் போதும்” என்று எடுத்துக்கொண்டார்கள். அட்டை முடிவதற்கு எட்டு, ஒன்பது மாதம் இருக்கும்போதே பல்கலைக்கழகத்துக்குள் காகித வேலை தொடங்கிவிட வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

உள்ளே அப்படி என்ன வேலை என்று கேட்பீர்கள். துறை அலுவலகம் கல்லூரி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். கல்லூரி, பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு அறிஞர் அலுவலகத்துக்கு. குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸுக்குப் போகும் மனுவில் கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளது அந்த மைய அலுவலகத்துக்கு மட்டும்தான். பேராசிரியரோ துறைத் தலைவரோ போட முடியாது. பிப்ரவரியில் படிவம் அங்கே போய்ச் சேர்ந்ததும் எழுந்த முதல் கேள்வி சம்பளம். அந்தப் பகுதியில் அதே வகை வேலைக்கு நிலவும் ஊதியம் எவ்வளவு என்று தொழிலாளர் துறையின் கணக்கு இருக்கிறது, நான்கு நிலைகளாக. அதற்கும், அதே பல்கலைக்கழகத்தில் அதே தகுதியோடு அதே வேலை பார்ப்பவர்களுக்குக் கொடுக்கும் ஊதியத்துக்கும் குறையாமல் கொடுத்தாக வேண்டும். என் பதவியின் விவரக்குறிப்பில் முனைவர் பட்டமும் அனுபவமும் தேவை என்று எழுதியிருந்தார்கள். அதனால் ஊதிய நிலை ஒரு படி மேலே போனது. என் சம்பளம் அதற்குக் கீழே இருந்தது. வித்தியாசம் பெரிதல்ல. ஆனாலும் சம்பளத்தை உயர்த்த மனிதவளத் துறை பதவியை மறுவகைப்படுத்த வேண்டும், ஆய்வு மானியத்தின் பட்ஜெட்டை மாற்ற வேண்டும், அப்புறம் புதிய பணி ஆணை அடிக்க வேண்டும். அதற்குள் மே மாதம் வந்துவிட்டது.

அடுத்து ஏற்றுமதிக் கட்டுப்பாடு. ஐ-129 படிவத்திலேயே அதற்கென்று ஒரு பகுதி உண்டு. இவர் கையாளப்போகும் தொழில்நுட்பத்தை வெளிநாட்டவருக்குக் காட்ட உரிமம் வேண்டுமா, வேண்டாமா என்று முதலாளி உறுதிமொழி கொடுக்க வேண்டும். அசுவினி எண்ணுகிறவளுக்கு இதில் என்ன வந்தது என்று தோன்றும். ஆனால் பல்கலைக்கழகத்தில் இதைக் கவனிக்கும் அலுவலகத்தில் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் கோப்பு நகரும். அவர் விடுப்பில் இருந்தால் கோப்பும் அவரோடு விடுப்பில்தான். கடைசியாக வேலைத்தளம். எனக்கு வளாகத்தில் ஓர் இடம், தொலைவில் ஆராய்ச்சிப் பண்ணையில் இன்னோர் இடம். பண்ணை வேறு ஊதியப் பகுதிக்குள் வருகிறது என்றால் எல்சிஏவில் இரண்டு இடத்தையும் எழுத வேண்டும், இரண்டு இடத்திலும் அறிவிப்பு ஒட்ட வேண்டும். இதை யாரும் படிவத்தில் எழுதவில்லை. நானாகச் சொன்ன பிறகு மறுபடி எழுதினார்கள். கள ஆய்வு செய்கிறவர்களும், வேறு ஊரில் இருந்தபடி வேலை பார்க்கிறவர்களும் எங்கெங்கே வேலை செய்வோம் என்பதை முதல் படிவத்திலேயே முழுமையாகச் சொல்லிவிடுங்கள். விசா வந்த பிறகு வேறு ஊதியப் பகுதிக்கு நிரந்தரமாக மாறினால் திருத்த மனு போட வேண்டியிருக்கும். இத்தனைக்கும் பிறகு எல்சிஏ தொழிலாளர் துறைக்குப் போனது. அங்கே ஏழு வேலை நாளில் வந்துவிட்டது. அரசாங்கத்தில் ஏழு நாள், பல்கலைக்கழகத்துக்குள் மாதக்கணக்கு.

நடுவில் ஒரு யோசனை வந்தது. “எச்-1பி நேரம் பிடிக்கும், ஜே-1 கொடுத்துவிடலாமே” என்றார்கள். வெளிநாட்டு அறிஞர்கள் வந்து போவதற்கான பரிமாற்ற விசா அது. பல்கலைக்கழகமே ஆவணம் கொடுத்துவிடும், சீக்கிரம் முடியும் என்பது உண்மை. ஆய்வாளர்களுக்கு ஐந்தாண்டு வரை கிடைக்கும் என்பதும் உண்மை. ஆனால் ஜே-1இல் சிலருக்கு, முடிந்ததும் சொந்த நாட்டில் இரண்டாண்டு இருந்தால்தான் எச்-1பியோ கிரீன் கார்டோ பெற முடியும் என்ற நிபந்தனை விழும். அரசுப் பணத்தில் வந்தவர்களுக்கும், அமெரிக்க அரசு நாடுவாரியாக வெளியிடும் திறன் பட்டியலில் தங்கள் நாட்டுக்குக் குறித்துள்ள துறையினருக்கும் அது பொருந்தும். 2024 டிசம்பர் 9 அன்று புதுப்பித்த பட்டியலில் இந்தியா நீக்கப்பட்டது. எனக்கு யோசனை சொன்ன நேரத்தில் இந்தியா அதில் இருந்தது. ஆய்வாளர் பிரிவில் ஜே-1 ஒருமுறை முடிந்தால் அதே பிரிவில் மீண்டும் வர 24 மாதம் காத்திருக்க வேண்டும் என்பது தனி. ஜே-1 கெட்டது என்று நான் சொல்லவில்லை. நமக்கு எந்த நிபந்தனை பொருந்தும் என்று பார்க்காமல், அவசரத்துக்காக மட்டும் அதை எடுக்காதீர்கள். நான் மறுத்தேன். அந்த முடிவில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

ஜூன் நடுவில் என் பதற்றத்தைப் பார்த்து மனிதவளத் துறையில் ஒருவர், “கவலைப்படாதே, கேப்-கேப் இருக்கிறது, நீ தொடர்ந்து வேலை செய்யலாம்” என்று ஆறுதல் சொன்னார். கேட்டதும் அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி. அந்த நிம்மதி ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. ஓபிடி முடிந்தாலும் எச்-1பி வரும்வரை வேலையைத் தொடரலாம் என்ற அந்தச் சலுகை, லாட்டரி வரம்புக்கு உட்பட்ட மனுக்களுக்குத்தான். வரம்பிலிருந்து விலக்குப் பெற்ற பல்கலைக்கழக மனுவுக்கு அது கிடையாது. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஓர் ஆலோசகர் இதைப் பொறுமையாக விளக்கினார். ஓபிடி முடிந்த பின் 60 நாள் நாட்டில் இருக்கலாம், அதற்குள் மனு போய்ச் சேர்ந்தால் முடிவு வரும்வரையும் இருக்கலாம், ஆனால் வேலை செய்யக் கூடாது. ஒரு மணி நேரம்கூட. பல்கலைக்கழக ஊழியர் பலருக்கு இது தெரிவதில்லை. விசா விஷயத்தில் யார் சொன்னாலும், அதைச் சொல்லும் பொறுப்பில் இருப்பவர்தானா என்று பாருங்கள். பதிலை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள்.

ஜூலை முதல் வாரத்தில் மனு போனது. அதற்கு முன்பே நான் வேலையை நிறுத்தியாகிவிட்டது. வேலை அனுமதி முடிந்த நாளோடு மனிதவளத் துறை சம்பளப் பட்டியலில் என்னை நிறுத்தி, சம்பளமில்லா விடுப்பில் போட்டது. எங்கள் பகுதியில் அசுவினி வயலில் பெருகுவது ஜூலை, ஆகஸ்டில். பூச்சி மாதிரிகள் எடுக்க ஆண்டு முழுக்கக் காத்திருந்த அந்தக் காலத்தில் நான் வயலுக்குப் போக முடியவில்லை. பட்டதாரி மாணவர் ஒருவர் தெரிந்த மட்டும் எடுத்தார். பாதி நிலங்களில் எடுக்கவே ஆளில்லை. பேராசிரியர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார், “சம்பளம் வேண்டாம், தன்னார்வமாக வந்து தரவை மட்டும் பார்க்க முடியுமா?” என்று. முடியாது. சம்பளத்துக்குச் செய்யும் அதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்தாலும் அனுமதியற்ற வேலை என்று கருதப்படலாம், அது பின்னால் கிரீன் கார்டு வரை துரத்தும். மறுப்பது சங்கடமாகத்தான் இருந்தது. ஆய்வக மின்னஞ்சலைக்கூடத் திறக்கவில்லை.

அந்த ஆகஸ்டில்தான் தம்பிக்குக் கல்யாணம், திண்டுக்கல்லில். மாணவர் விசாவிலிருந்து எச்-1பிக்கு மாறக் கேட்ட நிலை மாற்ற மனு நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியேறினால் அந்த மாற்றக் கோரிக்கை கைவிடப்பட்டதாக ஆகிவிடும். பிறகு தூதரகத்தில் விசா முத்திரை வாங்கித்தான் திரும்பி வர வேண்டும், அது எத்தனை வாரம் ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது. அப்பாவுக்கு இதைப் புரியவைக்க முடியவில்லை. “ஏம்மா, வேலை இருக்குங்கிற, வேலைக்குப் போகலைங்கிற. சும்மாதானே இருக்க, வந்துட்டுப் போயேன்” என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. வெளியே இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். தாலி கட்டுவதை வீடியோ காலில் பார்த்தேன். பணம் போனதைவிட எனக்கு இதுதான் இன்னும் ஆறவில்லை.

பிரீமியம் பிராசஸிங் என்று ஒன்று உண்டு. கூடுதல் கட்டணம் கட்டினால் 15 வேலை நாளில் யுஎஸ்சிஐஎஸ் ஏதாவது ஒரு நடவடிக்கை எடுக்கும்: அனுமதி, மறுப்பு, அல்லது கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம். அப்போது கட்டணம் 2,805 டாலர். ஆரம்பத்திலேயே அதைக் கட்டியிருந்தால் என் இழப்பு பாதியாகியிருக்கும். ஆனால் டீன் ஒப்புதல் இல்லாமல் பிரீமியம் கிடையாது என்பது கல்லூரியின் வழக்கம். நானே கட்டுகிறேன் என்றேன். எச்-1பி மனுவின் செலவு முதலாளியுடையது. ஊழியரின் சொந்த வசதிக்காக என்றால் மட்டும் பிரீமியத்தை ஊழியர் கட்டலாம், இங்கே ஆய்வு நிற்கக் கூடாது என்பது பல்கலைக்கழகத்தின் தேவை, அதனால் உன்னிடம் வாங்க முடியாது என்றார்கள். சட்டப்படி அது சரி. அப்படியானால் நீங்கள் கட்டுங்கள் என்றால், எந்தக் கணக்கிலிருந்து என்று துறைக்கும் கல்லூரிக்கும் இடையே வாரக்கணக்கில் கடிதம் ஓடியது. மோசடித் தடுப்புக் கட்டணம் 500 டாலர் யார் தலையில் என்பதற்கும் இதே கதை. கடைசியில் ஆகஸ்டு தொடக்கத்தில் பேராசிரியர் நேராக டீனிடம் போய் நின்றார். அதன் பிறகு மளமளவென்று நடந்தது. மாத இறுதியில் அனுமதி வந்தது. வேலையில் சேர்பவர்கள் பணி ஆணை பேசும்போதே கேளுங்கள்: தேவைப்பட்டால் பிரீமியம் உண்டா, எந்தக் கணக்கில், யார் கையெழுத்து?

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சம்பளம் மட்டும் பத்தாயிரம் டாலர் போல நின்றது. ஜூன் கடைசியோடு மருத்துவக் காப்பீடும் முடிந்தது. கோப்ரா என்ற சட்டப்படி அதே காப்பீட்டைத் தொடரலாம், ஆனால் முதலாளி கட்டிவந்த பங்கையும் சேர்த்து நாமே கட்ட வேண்டும். எனக்கு மாதம் எழுநூறு டாலருக்கு மேல். இதில் ஒரு விவரம் தெரிந்திருப்பது நல்லது: கோப்ரா வேண்டுமா என்று முடிவு செய்ய 60 நாள் அவகாசம் உண்டு, எடுத்தால் காப்பீடு முடிந்த நாளிலிருந்தே செல்லும். ஒன்றும் நேராவிட்டால் விட்டுவிடலாம், ஏதாவது நேர்ந்தால் அந்த அவகாசத்துக்குள் எடுத்துப் பின்தேதியிட்ட தவணைகளைக் கட்டலாம். எனக்கு இது பிறகுதான் தெரிந்தது. வாகன உரிமமும் என் வேலை அட்டையின் தேதியோடு காலாவதியானது. பல மாநிலங்களில் அப்படித்தான் கொடுக்கிறார்கள். பேருந்து அபூர்வமான ஊரில் காய்கறி வாங்கக்கூடத் தோழியை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. மூன்று மாத வாடகையும் சாப்பாட்டுச் செலவும் வங்கியில் ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் அட்டையின் கடைசி மாதத்துக்குள் போக வேண்டும். ஊரில் வீட்டுக் கடன் தவணை அனுப்புகிறவர்கள் அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கும் தமிழர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் பல்கலைக்கழகம் எந்தப் பதவிகளுக்கு எச்-1பி ஸ்பான்சர் செய்யும் என்பதை விளம்பரம் கொடுக்கும் முன் கேட்டு வையுங்கள். பல இடங்களில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்களுக்கு ஜே-1 மட்டும், முழுநேரப் பதவிகளுக்கு மட்டும் எச்-1பி என்று உள்விதி இருக்கும். மானியத்துக்கு எழுதும்போது நிலவும் ஊதியத்தைப் பார்த்துச் சம்பளத்தைப் போடுங்கள், விசாச் செலவு எந்தக் கணக்கில் என்று துறையிடம் முன்பே பேசி முடியுங்கள். எங்கள் ஆய்வகத்தில் இப்போது வெளிநாட்டவர் யார் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே அவர் அட்டை முடியும் தேதியைப் பேராசிரியர் தன் நாட்காட்டியில் குறித்துக்கொள்கிறார். அதற்கு ஒன்பது மாதம் முன்பு மைய அலுவலகத்துக்குப் படிவம் போகிறது. இதை அவரிடம் நான் கேட்டுச் செய்யவைத்தேன். அவரும் அந்தக் கோடையை மறக்கவில்லை.

உதவிப் பேராசிரியராகச் சேர்பவர்களுக்கு வேறொரு கெடு இருக்கிறது, அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கற்பிக்கும் பணிக்குத் தேர்வானவருக்குக் கிரீன் கார்டின் முதல் படியான தொழிலாளர் சான்றிதழை, முதலில் நடந்த தேர்வையே ஆதாரமாகக் காட்டி வாங்கலாம். ஆனால் அந்த விண்ணப்பம் தேர்வான நாளிலிருந்து 18 மாதத்துக்குள் போக வேண்டும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அல்ல, தேர்வான நாளிலிருந்து. வசந்தத்தில் தேர்வாகி ஆகஸ்டில் சேர்ந்தால் நான்கைந்து மாதம் அப்போதே கழிந்துவிட்டது. தவறினால் திரும்ப விளம்பரம் கொடுத்து ஆள் தேட வேண்டும். அந்தப் பணிக்கான விளம்பரம் இணையத்தில் வந்திருந்தால் அது குறைந்தது 30 நாள் இருந்ததற்குச் சான்று வேண்டும். முதல் நாளும் கடைசி நாளும் எடுத்த பக்கப் படங்களைத் துறை வைத்திருக்கிறதா என்று சேர்ந்தவுடன் கேளுங்கள். என் போன்ற ஆய்வுப் பணியாளர்களுக்கு இந்த வழி இல்லை. சிறந்த ஆய்வாளர் பிரிவிலோ, தேசிய நலன் பிரிவில் நாமாகவோ மனுச் செய்யலாம். எச்-1பி மொத்தம் ஆறாண்டு. அதற்கு மேல் நீட்ட, கிரீன் கார்டு வேலை குறித்த காலத்தில் தொடங்கியிருக்க வேண்டும். இந்தியர்களுக்கு வரிசை நீளம் என்பதால் இதைத் தள்ளிப் போடவே கூடாது. இன்னொன்று: பல்கலைக்கழக எச்-1பியில் இருந்து தனியார் நிறுவனத்துக்கு மாறினால், முன்பு வரம்புக்குள் எண்ணப்படாதவர்கள் லாட்டரிக்குத்தான் போக வேண்டும்.

நான் பட்டது 2024இல். அதன் பிறகு இன்னும் கடினமாகியிருக்கிறது. 2025 செப்டம்பர் 19 அன்று வந்த அதிபர் பிரகடனப்படி, 21ஆம் தேதி முதல், நாட்டுக்கு வெளியே இருப்பவருக்குப் போடும் புதிய எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும். பல்கலைக்கழகங்களுக்குப் பொது விலக்கு கொடுக்கப்படவில்லை. நாட்டுக்குள் இருந்தபடி மாணவர் விசாவிலிருந்து நிலை மாறுகிறவர்களுக்கு இது பொருந்தாது என்று அக்டோபரில் விளக்கம் வந்தது; ஆனால் அந்த மனு முடிவாகும் முன் நாட்டை விட்டுப் போனால் பொருந்தும். என் தம்பி கல்யாணத்துக்கு நான் போயிருந்தால் அன்று விசா முத்திரைக்காகக் காத்திருந்தால் போதும். இந்த விதி வந்த பின் அதே பயணத்தைச் செய்பவருக்காக அந்தத் தொகையை எந்தத் துறையும் கட்டாது. பிரகடனம் ஓராண்டுக்கு என்றுதான் அறிவிக்கப்பட்டது, அதனால் இன்றைய நிலையை உங்கள் பல்கலைக்கழக அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு பயணச்சீட்டு எடுங்கள். 2025 செப்டம்பர் 2 முதல் எச்-1பி முத்திரைக்கு நேர்காணல் விலக்கும் நீங்கிவிட்டது. ஊருக்குப் போகிறவர்கள் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் தேதி கையில் கிடைத்த பிறகு விடுப்பு எழுதுங்கள். தேதிக்குப் பின்னும் சில வாரம் தாமதமானால் சம்பளம் ஓடுமா, இந்தியாவில் இருந்தபடி வேலை செய்ய அனுமதி உண்டா என்பதையும் கிளம்பும் முன்பே துறையிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.